பரிசோதனை எண் ஏழு

குண்டூசிகளைப் பிடுங்கிப் பிடுங்கி மேசைமேல் போட்டாள் நிகத். ஒன்பது, பத்து. பதினோராவது அட்டையின் மூலை கிழிந்தது. அவள் நிறுத்தவில்லை. பலகையின் உச்சியில் தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய எழுத்துகள் இருந்தன: 'சமூகத்தோடு இணைந்த கற்றல்'. அதன் கீழே பதினான்கு அட்டைகள் இருந்திருக்க வேண்டும். பதின்மூன்றுதான் இருந்தன. பதினான்காவது எங்கே என்று அவளுக்குத் தெரியும்.

"மேடம், திம்மப்பன் சார் கேப்பாரு" என்றான் ஆனந்த். துறையில் இருக்கும் மூன்று ஆசிரியர்களில் அவன் ஒருவன். சமூகவியல் படித்தவன். இதே கல்லூரியில் இரண்டு வருடம் சுற்றுச்சூழல் பாடம் நடத்தினான். பிறகு குற்றவியலுக்கு ஆள் வேண்டும் என்று இங்கே மாற்றிவிட்டார்கள்.

"கேக்கட்டும்."

"நாளைக்கு டீம் வருது. பலகை காலியா இருந்தா நல்லா இருக்காது."

நிகத் கடைசி இரண்டு அட்டைகளையும் எடுத்து அடுக்கினாள். ஒவ்வொன்றிலும் பத்துக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு விரல் ரேகை. எல்லாம் கல்லூரியில் பெருக்கித் துடைக்கும் பெண்களின் விரல்கள். மேலே அச்சடித்த வரி: குற்றவாளியின் பெயர். அதற்கு நேராக மாணவர்களின் அழகான கையெழுத்தில் சரசம்மா, லகுமம்மா, நாகம்மா.

மூன்று வாரத்துக்கு முன் கணினி அறையில் இரண்டு லேப்டாப்கள் காணாமல் போயின. போலீசுக்குப் போக வேண்டாம், நம்மிடமே துறை இருக்கிறதே என்று சொன்னவர் திம்மப்பன். ஓய்வு பெற்ற எஸ்.ஐ. துறைக்கு அவர்தான் தலைவர். நிகத் அன்று கல்லூரியில் இல்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் பிளஸ் டூ பிள்ளைகளிடம் கல்லூரி நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிப்ரவரி முதல் ஜூன் வரை எல்லா ஆசிரியருக்கும் அந்த வேலை உண்டு. முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்கும் உண்டு. அன்று மத்தியானம் துப்புரவுப் பெண்கள் பதினான்கு பேரை ஆய்வகத்தில் வரிசையாக நிறுத்தி, மூன்றாம் ஆண்டு மாணவர்களைக் கொண்டு ரேகை எடுத்தார்கள். பாடத்திட்டத்தில் அது பரிசோதனை எண் ஏழு. பத்துவிரல் ரேகைப் பதிவு.

மறுநாளே லேப்டாப்கள் கிடைத்துவிட்டன. போச்சம்பள்ளியில் கல்லூரி போட்டிருந்த அட்மிஷன் ஸ்டாலுக்குச் செயலாளரின் மகன் எடுத்துப் போயிருந்தான். அதைப் பெண்களிடம் யாரும் சொல்லவில்லை. அட்டைகளையும் யாரும் கேட்கவில்லை. அவை இந்த வாரம் பலகைக்கு ஏறின, மதிப்பீட்டுக் குழுவுக்குக் காட்ட.

நிகத்துக்கே நேற்றுத்தான் தெரியும்.

நேற்று மாலை, தொழிலாளர் வேன் கிளம்பும் நேரத்தில், கெம்பம்மா ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். துடைப்பம் இல்லாமல் அவளை அங்கே பார்த்ததில்லை. கையில் பிரவுன் அட்டை போட்ட ரெக்கார்ட் நோட்டு. அவள் மகள் காவியாவுடையது. காவியா இந்தத் துறையில் மூன்றாம் ஆண்டு. இங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம் என்பதால்தான் கெம்பம்மா ராகிக் காட்டு வேலையை விட்டுவிட்டுத் துடைப்பத்தைப் பிடித்தாள். அவளுக்குக் கன்னடம் படிக்க வரும். தமிழ் படிக்க வராது.

"இதுல என்னா எழுதியிருக்குதுன்னு சொல்லுங்க மேடம். சரசம்மா ஒண்ணு சொல்றா. எம் பொண்ணு ஒண்ணுமில்லம்மாங்கறா. நீங்க சொல்லுங்க."

நிகத் படித்தாள். குற்றவாளியின் பெயர்: கெம்பம்மா. வயது 46. கீழே பத்து விரல்கள். பினாயிலும் ஆசிட்டும் தின்ற விரல்கள். கோடுகள் பாதி இல்லை. ஓரத்தில் காவியா குறிப்பு எழுதியிருந்தாள்: 'நான்கு முறை முயன்ற பின் தெளிவான பதிவு பெறப்பட்டது.' வலது மூலையில் பச்சை மையில் 'நன்று'. அதற்குக் கீழே கையொப்பம். நிகத்தின் கையொப்பம்.

அறுபது ரெக்கார்டுகளை ஒரே மத்தியானத்தில் திருத்திய நாள் அவளுக்கு நினைவு வந்தது. பக்கத்தைப் புரட்டுவது, கையெழுத்து, பக்கத்தைப் புரட்டுவது.

உள்ளதை உள்ளபடி படித்துக் காட்டினாள். கெம்பம்மா தலையாட்டினாள். சரசம்மா சொன்னது சரிதான் என்பதுபோல.

"யானை ராகியத் தின்னுட்டுப் போனா ஃபாரஸ்ட் ஆபீஸ்ல இப்பிடித்தான் ரேகை வாங்குவாங்க. நட்டத்துக்கு எதுனா குடுப்பாங்க. இதுக்கு என்னா குடுப்பாங்க மேடம்?"

காவியா போலீஸ் வேலைக்கு எழுதியிருக்கிறாள். பாஸாகிவிட்டால் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், குடும்பத்தில் யார்மேலாவது கேஸ் இருந்தால் போச்சு என்று திம்மப்பன் வகுப்பில் சொல்லியிருந்தார். அதை மகள் வீட்டில் சொல்லியிருக்கிறாள். கெம்பம்மாவுக்கு மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. இது ஸ்டேஷனுக்குப் போகிற அட்டை இல்லை, இதற்கு ஒரு மதிப்பும் கிடையாது என்று நிகத் சொன்னாள்.

"மதிப்பு இல்லாததுக்கு எதுக்கு நாலு வாட்டி எடுத்தாங்க?"

நிகத் நோட்டை மூடினாள். நாளை வேன் கிளம்புவதற்குள் எல்லார் அட்டையும் அவரவர் கையில் இருக்கும் என்று மட்டும் சொன்னாள். கெம்பம்மா நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மகளுக்குத் தெரியாமல் எடுத்து வந்தது.

நிகத்தின் அத்தா குலாம் முகம்மதுவுக்கு ஜூஜுவாடியில் லாரித் தார்ப்பாய் கடை. எதிரே மாநில எல்லை. நிகத் ஒன்பதாவது படிக்கும்போது கடைக்குப் பின்னால் நிறுத்தியிருந்த லாரி ஒன்று திருடுபோனது. கடையில் வேலை செய்தவர்களையும் அண்ணன் அப்பாஸையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். மறுநாள் விட்டுவிட்டார்கள். லாரி வேலூர்ப் பக்கம் கிடைத்தது, டிரைவரின் மச்சான் பிடிபட்டான். அப்பாஸ் துணி துவைக்கும் கல்லில் விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். நக இடுக்கில் கறுப்பு ஒரு வாரம் இருந்தது. அந்த ரேகைத் தாள் என்ன ஆனது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்கவும் யாரும் போகவில்லை.

குற்றவியல் படிக்கப் போகிறேன் என்றபோது வக்கீலா என்று கேட்டார்கள். இல்லை. போலீஸா? இல்லை. அப்புறம் எதற்கு என்றார் அத்தா. யாரை எதற்காகப் பிடிக்கிறார்கள் என்று படிக்கிற படிப்பு என்றாள். தெற்கே போய்ப் படித்தாள். முதுகலை, தகுதித் தேர்வு, முனைவர் பட்டம். திரும்பி வந்து வேலை தேடியபோது, சட்டக் கல்லூரியில் அவள் வக்கீல் இல்லை என்றார்கள். அறிவியல் கல்லூரியில் அவள் விஞ்ஞானி இல்லை என்றார்கள். போலீஸ் பயிற்சிக்கு ஒருமுறை உரையாற்றக் கூப்பிட்டுப் போனார்கள். போதைப்பொருள் விழிப்புணர்வு பற்றி இருபது நிமிடம் பேசச் சொல்லி ஒரு சால்வை போட்டார்கள். கடைசியில் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் இருக்கும் இந்தக் கல்லூரி குற்றவியல் துறை தொடங்கியது. ஒரு வாரத்தில் ஆய்வகம் தயாராக வேண்டும் என்றார்கள். அவள் தயார் செய்தாள்.

அந்த அட்டையை அச்சடித்தவள் அவள்தான்.

ஆறு வருடத்துக்கு முன். பழைய போலீஸ் படிவம் ஒன்றின் நகல் கிடைத்தது. அதை அப்படியே ஓசூரில் ஒரு அச்சகத்தில் கொடுத்து ஐந்நூறு அடித்தாள். ஒரு வார்த்தையையும் மாற்றத் தோன்றவில்லை. ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் ஒருவர் விரலை ஒருவர் உருட்டுவார்கள். குற்றவாளியின் பெயர் என்ற இடத்தில் நண்பனின் பெயரை எழுதிச் சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள். அப்பாஸின் தங்கை சிரித்திருக்கிறாள். நேற்று இரவு அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தது இதனால்தான்.

முதல்வர் கூப்பிடுவதாக ஆள் வந்தது. நிகத் அட்டைகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள்.

பொற்கொடி முதல்வராகி இரண்டு வருடம். வணிகவியல்காரர். சத்தம் போட்டுப் பேச மாட்டார். மேசைமேல் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது. அதில் ஒரே வார்த்தை முப்பது தடவை அச்சாகியிருந்தது: தன்னார்வலர். பக்கத்தில் கத்தரிக்கோல். எதிர் நாற்காலியில் திம்மப்பன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வார்த்தைதானே நிகத். வெட்டி மேல ஒட்டிடலாம். ஆனந்த் பிரிண்ட் எடுத்துட்டாரு."

"அவங்க தன்னார்வலர் இல்ல மேடம். வரலன்னா அன்னிக்கு ஆப்சென்ட்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காரு."

திம்மப்பன் சிரித்தார். "முப்பத்து நாலு வருசம் ரேகை எடுத்திருக்கறன்மா. ஒருத்தனும் தன்னார்வலரா வந்து விரல நீட்டுனதில்ல."

"லேப்டாப் இருந்த ரூம்ல ரேகை எடுத்தீங்களா சார்?"

"அதத்தான் காலையிலயே துடைச்சிட்டாங்களே."

"அப்ப இத எதோட ஒப்பிட்டுப் பாத்தீங்க?"

அவர் கால்களை மாற்றிப் போட்டுக்கொண்டார். "எதோடவும் இல்ல. பயம் வேணும். பயம் வந்தா எடுத்தவன் கொண்டாந்து வெச்சிருவான். ஸ்டேஷன்ல இதான் நடக்கும். உங்க புக்குல இருக்காது."

"எடுத்தது செயலாளர் பையன். அவர் ரேகை எங்க?"

"நிகத்" என்றார் பொற்கொடி.

 பிறகு திம்மப்பன் பொறுமையாகவே பேசினார். கோபப்படவில்லை என்பதுதான் நிகத்துக்கு அதிகம் எரிந்தது. எந்த ஸ்டேஷனிலும் யாரும் குற்றவியல் புத்தகம் படித்து அவர் பார்த்ததில்லையாம். இந்தத் துறைக்குப் பிள்ளைகள் வருவது காக்கி பேண்டுக்காகத்தான், அவளுடைய தியரிக்காக இல்லையாம். கல்லூரி நோட்டீஸின் அட்டையில் தன்னுடைய சீருடைப் படம் ஏன் இருக்கிறது என்று அவள் யோசித்ததுண்டா என்று கேட்டார்.

பொய் இல்லை. ஆண்டுவிழாவில் கயிறு பிடித்துக் கூட்டத்தைத் தள்ளுவது இந்தத் துறைப் பிள்ளைகள். செயலாளர் வீட்டுக் கல்யாணத்தில் வண்டி நிறுத்த வழி காட்டியது இவர்கள். களப்பயிற்சி என்று போச்சம்பள்ளி கம்பெனி வாசலில் ஒரு மாதம் நின்று, ஷிப்ட் முடிந்து வெளியே வரும் பெண்களின் பையைத் திறந்து பார்த்தது இவர்கள். காவியாவும் நின்றாள். அந்த மாதத்தில்தான் வகுப்பில் மற்றவர்கள் பரிசோதனை ஏழைச் செய்து முடித்தார்கள். போன வருடம் வேலை கிடைத்தவர்களின் பட்டியலில் பதினாறு பேர் செக்யூரிட்டி. பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நிகத்.

பொற்கொடி இன்னொரு தாளை எடுத்தார். ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்பவர் அனுப்பிய படிவம். குற்ற நீதிக் கல்வியின் தரமும் மதிப்பும் பற்றி அதை நடத்தும் ஆசிரியர்களின் கருத்து. முப்பத்திரண்டு வாக்கியங்கள். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். குழுவும் கேட்கக்கூடும் என்பதால் நான்குக்குக் குறையாமல் போடச் சொல்லியிருந்தார்கள். நிகத் காலையிலேயே நிரப்பிக் கொடுத்துவிட்டாள். எல்லாவற்றுக்கும் ஒன்று. பத்தொன்பதாவது வாக்கியம்: 'மாணவர்கள் குற்ற நீதி அமைப்பைக் கேள்வி கேட்கும் திறன் பெறுகிறார்கள்.' அதன் ஓரத்தில் கையால் எழுதியிருந்தாள். 'பதினான்கு மாணவர்களில் ஒருவரும் எதற்காக என்று கேட்கவில்லை.'

"இத இப்பிடி அனுப்ப முடியாது" என்றார் பொற்கொடி. "காலேஜ் பேர் இருக்கு."

"நான்தான் மேடம் அவங்களுக்கு மூணு வருசம் பாடம் எடுத்தேன். ஃபர்ஸ்ட் இயர், ஃபர்ஸ்ட் யூனிட். நிரூபிக்கிற வரைக்கும் யாரும் குற்றவாளி இல்ல. எல்லாரும் முழு மார்க் வாங்கியிருக்காங்க."

"கோபத்துல இருக்கீங்க. அட்டைய ஆனந்த்கிட்ட குடுத்துட்டுப் போங்க. ஃபார்மப் பத்தி நாளைக்குப் பேசலாம்."

நிகத் எழுந்தாள். அட்டைகளைக் கொடுக்கவில்லை. வாசலைத் தாண்டும்போது திம்மப்பன் பொற்கொடியிடம் ஏதோ கன்னடத்தில் சொன்னார். அவளுக்குக் கன்னடம் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். படித்த பொம்பளைக்கு வீட்டில் வேலை குறைவு என்றார்.

மணி மூன்றரை. காவியா ஆய்வகத்தில் காத்திருந்தாள், ரெக்கார்ட் நோட்டோடு. நிகத் வரச் சொல்லியிருந்தாள். நோட்டைப் பிரித்து ஏழாம் பரிசோதனைப் பக்கத்தில் பிளேடை வைத்ததும் காவியா நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"திங்கக்கிழமை எக்ஸ்டர்னல் வர்றாரு. பத்து எக்ஸ்பெரிமென்ட் இல்லன்னா ரெக்கார்ட வாங்கவே மாட்டாங்க. எனக்கு இது ஒண்ணுதான் மேடம் ஏழாவது."

"உங்கம்மா தூங்கல, தெரியுமா?"

"தெரியும். பக்கத்துலதான படுக்கறன்." அவள் நோட்டை விடவில்லை. "நீங்கதான சைன் பண்ணியிருக்கீங்க. நன்றுன்னு போட்டிருக்கீங்க. இப்ப தப்புங்கறீங்க."

"பாக்காமப் போட்டேன்."

"நாங்க பாத்துத்தான் எழுதுனோம். ஃபார்ம்ல இருந்துச்சு, எழுதுனோம்."

அம்மாவின் பெயரை எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லையா என்று நிகத் கேட்டாள். காவியா மை உருளையை மேசையில் முன்னும் பின்னும் ஓட்டினாள். வரிசைப்படி அம்மா இன்னொரு பையனுக்கு விழுந்ததாம். அம்மாவின் விரலை அவன் பிடித்துத் திருப்புவதைவிடத் தானே எடுக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.

"தோணுச்சு மேடம். நீங்க இருந்திருந்தா கேட்டிருப்பேன்." உருளையை நிறுத்தினாள். "இல்ல. கேட்டிருக்க மாட்டேன்."

நிகத் அலமாரியைத் திறந்தாள். மீதி அட்டைகள் கட்டாக இருந்தன. ஒன்றை உருவிக் காவியாவின் முன் வைத்தாள். சட்டைக்கையை முழங்கைவரை ஏற்றினாள். வலது கையை நீட்டினாள்.

காவியாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு மைத்தகட்டைத் துடைத்தாள், மை பரப்பினாள். வலது கட்டைவிரலிலிருந்து தொடங்கினாள். நக ஓரத்திலிருந்து நக ஓரம்வரை, அழுத்தாமல், ஒரே உருட்டு. அவளுக்கு நன்றாக வந்தது. மூன்று வருடத்தில் இந்தத் துறை அவளுக்குச் சுத்தமாகக் கற்றுக்கொடுத்த ஒன்று இது. பத்து விரலும் முதல் தடவையிலேயே பதிந்தன. பேனாவை எடுத்தவள் நிறுத்தினாள்.

"மேல இருக்கறத அடிச்சிடட்டுமா மேடம்?"

"பேர எழுது."

காவியா எழுதினாள். குற்றவாளியின் பெயர்: நிகத். வயது 38. நிகத் பச்சைப் பேனாவால் கையெழுத்துப் போட்டாள். நன்று என்று எழுதவில்லை. கெம்பம்மாவின் பக்கத்தைப் பிளேடால் அறுத்தெடுத்தாள். காவியா தலையை நிமிர்த்தாமல் புதிய அட்டையை நோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

வாசல்வரை போன நிகத் திரும்பி வந்தாள். அட்டைக் கட்டை எடுத்து ஆய்வகத்தின் கைகழுவும் தொட்டியில் போட்டாள். குழாயை முழுக்கத் திறந்தாள். மேலட்டைகள் மிதந்தன. கையை விட்டு அழுத்தினாள். விரலில் இருந்த மை கரையவில்லை. அட்டைகள் பிசுபிசுவென்று ஆகும்வரை பிசைந்தாள். காவியா பார்த்துக்கொண்டிருந்தாள். 

வேன் கிளம்பத் தயாராக இருந்தது. நிகத் படியில் நின்று பெயர் சொல்லிக் கொடுத்தாள். லகுமம்மா இது ஐடி கார்டா, தினமும் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டாள். ஆதாரோடு சேர்க்க வேண்டுமா என்று ஒருத்தி கேட்டாள். சரசம்மா வாங்கியதும் நான்காகக் கிழித்து ஜன்னல் வழியாக விட்டாள். நாகம்மா அதில் வெற்றிலையைச் சுருட்டி வைத்துக்கொண்டாள். கிழிந்த மூலைக்காரி ஏன் தன்னுடையது மட்டும் கிழிந்திருக்கிறது என்று சண்டைக்கு வந்தாள். லேப்டாப் மறுநாளே கிடைத்துவிட்டது, யாரும் எடுக்கவில்லை என்று நிகத் சொன்னாள்.  பின்சீட்டிலிருந்து ஒரு குரல், "இத அன்னிக்கே சொன்னா வாய் வெந்துருமா?" என்றது.

கெம்பம்மா கடைசியில் ஏறினாள். பக்கத்தை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"இது ஒண்ணுதானா? வேற காப்பி கிடையாதா?"

"கிடையாது."

அவள் நிகத்தின் விரல்களைப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை.

"கிருஷ்ணாயில் போட்டுத் தேய்ங்க. சோப்புக்குப் போவாது."

மறுநாள் குழு பத்து இருபதுக்கு வந்தது. மூன்று பேர். வரவேற்பில் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் காக்கி பேண்டில் இருபுறமும் நின்று சல்யூட் அடித்தார்கள். குற்றவியல் துறைக்குப் பதினொன்றே முக்காலுக்கு வந்து ஆறு நிமிடம் இருந்தார்கள். பலகையில் சாலைப் பாதுகாப்புப் படங்கள் இருந்தன. தெர்மாகோல் எழுத்துகளை யாரும் எடுக்கவில்லை. எத்தனை பேர் போலீஸ் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று குழுவில் ஒருவர் கேட்டார். திம்மப்பன் பதில் சொன்னார். நிகத்தை யாரும் எதுவும் கேட்கவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரல் கறை பட்டிருந்தது. ஒரு மணிக்குப் பொற்கொடி புதிய படிவம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். நிகத் அதை மேசைமேல் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். திரும்பி வந்தபோது ஆனந்த் அதை எடுத்துப்போய் நிரப்பிக் கொடுத்திருந்தான். அடுத்த பருவத்துக்கு நிகத்துக்கு ஆய்வகம் கிடையாது என்று மூன்று மணிக்குச் சுற்றறிக்கை வந்தது. ஆய்வகத் தொட்டி அடைத்துக்கொண்டு தண்ணீர் தரைக்கு வந்திருந்தது. கெம்பம்மா குச்சியால் கிளறி, காகிதக் கூழை வாளியில் அள்ளினாள். இரண்டு வாளி வந்தது. குழு நான்கு மணிக்குக் கிளம்பியது. வேன் நான்கரைக்குக் கிளம்பியது.